ஒரு சாண் குறைவாக

தங்கை வீட்டு ஜன்னலில் இருந்தே ஆகவேண்டிய இடைவெளியைக் காணோம்.

அக்காவே யோசித்து விட்ட இடைவெளி அது. ஹால் ஜன்னலுக்குத் திரை தைத்தபோது வேண்டுமென்றே அகலத்தில் ஒரு சாண் குறைத்து வெட்டியிருந்தாள். சாயங்கால வெயில் அந்தச் சந்தில் நுழைந்து தங்கையின் புது சோபாவை நாளுக்குக் கொஞ்சமாக வெளுக்க வைக்கட்டும், அவ்வளவுதான். நேற்று மாட்டியபோது, இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரை ஒட்டி வெளிச்சம் பட்டையாக விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள். இன்று காபி குடிக்க வந்து பார்த்தால், திரை சுவரோடு சுவராக அம்சமாகத் தொங்குகிறது.

"இழுத்துகிழுத்து விட்டியாடி?"

"எதை?"

"திரையைத்தான்."

"நான் ஏன் தொடப்போறேன்? நீ தைச்சா அளவு தப்புமா அக்கா?"

கள்ளங்கபடமில்லாத அந்தச் சிரிப்புதான் அவளுக்கு எப்போதும் ஆகாது.

ஊரார் ஜன்னல்களுக்குத் திரை தைத்தே வயது போனவள் அவள். இந்தத் தெரு எலியும் சாக்கடையுமாகக் கிடந்த காலத்திலேயே இங்கே ஒரு மாடிப்படிக்கு அடியில் தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்தவள். பிறகு தெருவுக்கு யோகம் அடித்தது. பழைய பஞ்சுக் கிடங்கை இடிக்காமல் உள்ளுக்குள் தடுத்து, லிஃப்டும் கண்ணாடியும் வைத்து, ஒற்றைப் படுக்கையறை வீடுகளாக வாடகைக்கு விட்டார்கள். முதல் ஆளாக ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தவளுக்குக் கிடைத்தது நடு வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் முதுகும் அதில் ஓடும் குழாய்களும். கடைசியில் ஆடி அசைந்து வந்த தங்கைக்கு, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன பக்கத்து மூலை வீடு. அதே வாடகை. எதிர்க் கட்டடம் அக்காவின் ஜன்னலோடு முடிந்துவிட, தங்கையின் ஜன்னல் முழுக்க ஆறு.

எல்லாமே இப்படித்தான். படிப்பு, ஆபீஸ் வேலை, முகத்தில் அந்தக் களை, எதுவும் தங்கை கேட்டு வந்ததில்லை. தானாக மடியில் விழும். விழாதது ஒன்றே ஒன்று, தையல்.

"எனக்கும் சொல்லிக்கொடேன் அக்கா. வெட்டுத் துணியாவது குடு, நானே பழகிக்கிறேன்."

"உனக்கெதுக்கு? நீ ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்." ஆனாலும் மிச்சத் துண்டுகளைக் கொடுத்துவைத்தாள். பாழாகப் போகட்டும் என்று.

அன்று தன் வீட்டுக்குத் திரும்பி விளக்கைப் போடப்போன கை நின்றது. தங்கையின் திரையில் குறைத்த அந்த ஒரு சாணைத் தன் திரையோடு சேர்த்துத் தைத்திருந்தாள். நேற்றுவரை அது ஓரத்தில் குவிந்து அசிங்கமாக நின்றது. இப்போது குவியல் இல்லை. நடுச்சுவர்வரை நிரவிப் படர்ந்திருந்தது. அறையில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. அதற்கு அடியில் மக்கிய பஞ்சின் நெடி. டேப்பை எடுத்து அளந்தாள். நம்பாமல் மறுபடி அளந்தாள். ஹால் ஒரு சாண் அகன்றிருந்தது. திரையை விலக்கினால், குழாய்களைத் தாண்டி, ஓரத்தில், ஒரு கோடு போல ஆறு மின்னியது.

துணிக்குத் தகுந்த ஜன்னல். ஜன்னலுக்குத் தகுந்த அறை.

அவள் சட்டென்று திரையை மூடினாள். மூடும்போதே, நாக்கில் வெல்லம் பட்டதுபோல ஒரு தித்திப்பும்.

அடுத்த வாரம், "திரை துவண்டு தொங்குது, கழட்டிக் குடு, சரி பண்ணித் தர்றேன்" என்று வாங்கிவந்தாள். ஒரு முழம் வெட்டுப்பட்டுத் தன் திரைக்குப் போனது. ஒட்டுத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோதே நடுச்சுவருக்குள் சத்தம் கேட்டது. கனத்த பெட்டியை யாரோ சிரமப்பட்டு, அவசரமில்லாமல், நிறுத்தி நிறுத்தி இழுப்பதுபோல. மிஷினை நிறுத்தினால் அதுவும் நின்றது. மிதித்தால் இழுத்தது.

"அக்கா, நான் குண்டாயிட்டேனா?" என்றாள் தங்கை ஒருநாள், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நகர்ந்தபடி. "சமையல்கட்டுக்குப் போறதுக்குள்ள இடுப்பு இடிக்குது."

"சாமானை வாங்கி அடைச்சா? வீடு என்ன ரப்பரா?"

"அதானே! ராத்திரி மூச்சு முட்டுது அக்கா. உன் வீடு மட்டும் எப்படி இவ்ளோ காத்தோட்டமா இருக்கு? ஒரே அளவுதானே ரெண்டும்?"

"வெச்சிருக்கற விதத்துல இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். தங்கையின் சிரிப்பு சுவரில் பட்டு உடனே திரும்பியது, டப்பாவுக்குள் சிரித்ததுபோல.

இன்னும் ஒரே ஒரு வெட்டு. ஆறு முழுதாக இந்தப் பக்கம் வந்துவிடும். அப்போது தங்கை எங்கே நிற்பாள், எங்கே படுப்பாள் என்பதை நினைக்காமல் இருக்க அவள் பழகிக்கொண்டிருந்தாள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் துணிக் கடையிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்தாள். நேராக ஜன்னலுக்கு நடந்தாள். ஆற்றைப் பார்க்கத்தான்.

ஜன்னலில் வெறும் கம்பி. பெரிய திரை மடித்து மிஷின் மேல் வைக்கப்பட்டிருந்தது. கம்பியின் நடுவில் கைக்குட்டை அளவுக்கு ஏதோ தொங்கியது.

"அக்கா, வந்துட்டியா?" நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தங்கையின் குரல், குதூகலமாக. "நீ குடுத்த மாத்துச் சாவி போட்டு வந்தேன். பாத்தியா? நானே தைச்சது!"

வெட்டுத் துணியில் ஒரு குட்டித் திரை. வளையம், மடிப்பு, ஓரப்பட்டை, எல்லாம் இருந்தது.

"சிரிக்காதே அக்கா, சும்மா மாதிரிக்குத்தான். முதல்ல தைச்சது உன் வீட்டுலதான் தொங்கணும்னு ஆசை."

உடனே பிடுங்கி எறிந்திருக்கலாம். கைதான் அதற்குள் திரையின் ஓரத்தைத் திருப்பிவிட்டது. அவள் தையலைப் பார்த்தாள். கோணல் இல்லை. சுருக்கம் இல்லை. எண்ணிவைத்ததுபோல ஒரே சீரான தையல், மூலைகள் கத்தி மாதிரி. முதல் தையலா இது? நான் எத்தனை மாசம் திட்டு வாங்கிக் கற்றது? மனம் கொதித்தது. எங்காவது ஒரு நூல் பிசகியிருக்கும். இருந்தே ஆகவேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடுத்த ஓரத்தைத் திருப்பினாள். அதற்கடுத்த ஓரத்தையும்.

ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது.

பெட்டி இழுக்கும் சத்தம். இந்தமுறை நிறுத்தி நிறுத்தி இல்லை.

திரும்பினாள். மிஷின் சாய்ந்தது. அதன் கால்கள் முறிந்தன. வாசல் கதவு இருந்த இடத்தில் ஒரு கோடு. பிறகு கோடும் இல்லை.

"அக்கா! இங்க வந்து பாரேன்! என் ஹால் எவ்ளோ பெருசாயிடுச்சு! சோபாவைச் சுத்தி ஓடலாம் போல இருக்கு!"

திரையைப் பிடுங்கக் கையைத் தூக்கினாள். முழங்கை சுவரில் இடித்தது. மற்ற கை மடங்கவே இல்லை. முதுகில் சுவர். தோளில் சுவர். கத்த வாய் திறந்தாள். சுண்ணாம்பு.

"ஏன் பேச மாட்டேங்கற? கோவமா? கிண்டலாவது பண்ணேன்." சுவரில் செல்லமாக இரண்டு தட்டு. அது அவள் நெஞ்சில் விழுந்தது. "அளவு சரியா இருக்கா அக்கா?"

ஜன்னல் சுருங்கிச் சுருங்கி அவள் முகத்தளவுக்கு வந்து நின்றது. அப்பால் முழு ஆறும் தெரிந்தது. பிறகு, யாரும் இழுக்காமலே, குட்டித் திரை கண்ணுக்கு முன்னால் விரிந்து மூடிக்கொண்டது.

ஓரத்தில் ஒரு நூல் அளவுகூட இடைவெளி இல்லை.