கோணல் மூடி

மருந்துக் குப்பியின் நீல மூடி லேசாகக் கோணலாக இருந்தது. ஸ்பிரிட் வாடை, ஏசியின் முனகல், ட்ரேயில் கத்திகள் உரசும் சத்தம், வெடிக்கப் பார்க்கும் குடல்வால் வலி எல்லாம் ஒரு கணம் மறந்துபோய், ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து கிடந்தவன் அதையே பார்த்தான். அந்த மூடியைப் பசை தடவி ஒட்டியவனே அவன்தான்.

இதே தியேட்டரில் அவன் டெக்னீஷியன். போதைக்காக அந்த மயக்க மருந்தைத் தேடி அலையும் பையன்கள் வெளியே இருந்தார்கள். ஊசியால் உறிஞ்சி அவர்களுக்கு விற்றுவிட்டு, குப்பியில் சலைன் தண்ணீரை நிரப்பி வைப்பான். நோயாளி தூங்காவிட்டால் இன்னொன்று போடப்போகிறார்கள், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்திருந்தான்.

"தினமும் அடுத்தவங்களைத் தூங்க வைப்பீங்க. இன்னைக்கு உங்க முறை" என்று மயக்க டாக்டரம்மா சிரித்தார்.

சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போகும், ஜெயில்தான். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது? பாதியாவது மிச்சம் வைத்திருப்பேன் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு கண்களை மூடினான். கை வழியாகச் சில்லென்று ஏறியது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று தயங்கினான்.

"தூங்கிட்டார். அடுத்ததும் போட்டாச்சு" என்றார் டாக்டரம்மா.

அடுத்தது உடம்பைக் கட்டிப்போடும் ஊசி. பதறிப்போய் வாய் திறக்கப் பார்த்தான். உதடு அசையவில்லை. விரல் அசையவில்லை. மூச்சு நின்றது. தொண்டைக்குள் குழாய் இறங்கியது. அத்தனையும் தெரிந்தது.

மானிட்டர் படபடத்தது.

"துடிப்பு ஏறுதே. இன்னொரு குப்பி போடுங்க."

கடவுளே, நல்ல குப்பியாக இருக்கட்டும். இருக்காது. அலமாரியில் ஒன்றைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

மறுபடியும் சில்லென்று ஏறியது. வெறும் தண்ணீர்.

"நம்மாளு. தழும்பு தெரியாம சின்னதா கிழிச்சிடுவோம்" என்றார் சர்ஜன்.

"பாவம், கண்ணுல தண்ணி வருது டாக்டர்" என்றாள் நர்ஸ்.

"அது சும்மா வரும். தொடைச்சிட்டு டேப் ஒட்டுங்க."

கூடப்பிறந்தவனுக்குச் செய்வதுபோல அவள் பஞ்சால் மெதுவாகத் துடைத்தாள். இமைகளின் மேல் டேப்பை அழுத்தி ஒட்டினாள்.

அடிவயிற்றில் ஒரு விரல் இடம் தேடி நின்றது.

பிறகு கத்தி.

அவன் அலறினான். உயிரெல்லாம் திரட்டி அலறினான். தியேட்டரில் மூச்சு இயந்திரத்தின் சத்தம் மட்டும் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.