கடவுச்சொல் கேட்காத கதவு

இதில் ஒரு வரி பொய்யென்றால் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் முழுவதும் என் வீட்டு வழியாகப் போகட்டும். என் வீடு அணைக்கு நேர் கீழே இருக்கிறது; ஆகவே நான் சும்மா சத்தியம் செய்கிறவன் அல்ல. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் அண்ணன் மகன் அபின் கத்தாரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போன லீவில் வந்தபோது வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, முன்வாசல் பூட்டையும் ஒயர் இழுத்து அதோடு இணைத்துவிட்டுப் போனான். கதவைத் திறக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் முதலில் கடவுச்சொல் கேட்கும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒற்றை வீடு. உள்ளே அவன் மனைவி பிரிஜாவும் மூன்று மாதப் பெண் குழந்தையும் மட்டும். அவனுக்கு அந்த ஏற்பாட்டில் ஒரு நிம்மதி.

ஐப்பசி மழை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஊசி போட்ட காய்ச்சலில் விடிய விடிய அழுத பிள்ளை அப்போதுதான் உள்ளறையில் சேலைத் தொட்டிலில் கண்ணயர்ந்திருந்தது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையிலிருந்து புளித்த வாடை ஈரத்தோடு சேர்ந்து ஜன்னல் வழியே வந்து, சுவரிலும் துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றிருந்தது. பிரிஜா தட்டைக் கழுவி வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தபோது, அவள் காலையிலிருந்து தொடாத கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு வரி நின்றது.

பிரிஜாவின் கடவுச்சொல்:

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழுந்தது. அடிக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறி விழும்படி அபின்தான் வைத்திருந்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. கீபோர்டில் ஒரு கட்டையும் அசையவில்லை. கடைசியில் 'தவறு, மீண்டும் முயல்க' என்று காட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் கூவியது. உள்ளே பிள்ளை சிணுங்கியது.

மழைக்குள் வேறொரு சத்தமும் இருந்தது. இறவாரத்திலிருந்து வாளியில் சொட்டுகிறது என்று அவள் இவ்வளவு நேரம் நினைத்திருந்தாள். அது சொட்டும் சத்தமல்ல. முன்வாசல் பலகையில் யாரோ நகத்தால் தட்டினார்கள். ஒரு தட்டு, ஒரு குறி. ஒரு தட்டு, ஒரு குறி. கதவின் கீழ்ப்பாதியில், முழங்கால் உயரத்தில்.

"யாரு?" என்றாள்.

தட்டு நின்றது. கம்ப்யூட்டர் கூவியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

அபினுக்குப் போன் போட்டாள்.

"பாருங்க, இது கிடந்து சும்மா சும்மா பாஸ்வேர்டு கேக்குது."

"அப்டேட்டா இருக்கும் ஏட்டி. கேட்டுட்டுப் போட்டும்."

"பிள்ள இப்பம்தான் உறங்கிச்சு. இதுக்க கூவல்ல முழிச்சிரும். எனக்குப் பேடியா இருக்கு."

"கம்ப்யூட்டரப் பாத்தா? போன மாசம் ஒரு மரநாயப் பாத்துட்டு பேயின்னு ஊரக் கூட்டினவதானே நீ!"

மரநாய்க் கதையைச் சொல்லி ஊர் ஒரு வாரம் சிரித்திருந்தது. கதவைப் பற்றிச் சொல்ல வந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

"கேக்காம இருக்க என்ன செய்யணும்? அத மட்டும் சொல்லுங்க."

"யாருக்கு என்ன அனுமதின்னு எழுதி வச்சிருக்க சூடோ கோப்பத் திற. உனக்க பேருக்கு நேரா நோபாஸ்வேர்டுன்னு சேத்து சேவ் பண்ணு. தீந்துது. பிறகு உனக்க பேர்ல யாரு என்ன செய்தாலும் அது வாயத் திறக்காது, மக்கா."

பிரிஜா வேறொரு திரையைத் திறந்தாள். அதுவும் கடவுச்சொல் கேட்டது. கதவுக்கு முதுகைக் காட்டி, இடது கையால் மறைத்துக்கொண்டு அடித்தாள். அபின் சொன்ன சொல்லைச் சேர்த்தாள். சேமித்தாள்.

கேள்வி மறைந்தது. கூவல் நின்றது. தட்டும் நின்றது. மழை மட்டும் பெய்தது. உள்ளறையில் பிள்ளையின் மூச்சு சீராக ஏறி இறங்கியது. அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

அப்புறம்தான் உறைத்தது. கேட்பதைத்தான் நிறுத்தியிருக்கிறாள். திறப்பதை அல்ல.

திரையில் புது வரி. குறி இல்லை. கேள்வி இல்லை.

கதவு திறந்தது.

தாழ் டக்கென்று விலகியது. ஓடினாள். இரண்டு கையாலும் கதவை அழுத்திப் பிடித்தாள். வெளியிலிருந்து யாரும் தள்ளவில்லை. காற்றுகூடத் தள்ளவில்லை. தாழ் தானாக விழுந்தது. திரும்பித் திரையைப் பார்த்தாள்.

கதவு மூடியது.

மூச்சு வந்தது. மூச்சோடு சேற்று வாடையும் வந்தது. காலுக்கடியில் தரை நனைந்திருந்தது. ஈரம் வாசலில் நிற்கவில்லை. அவளைத் தாண்டி உள்ளே போயிருந்தது.

உள்ளறையில் தொட்டில் கம்பில் ஒரு தட்டு.

பிள்ளை சிரித்தது.

பிரிஜா அறை வாசலுக்குப் போனாள். அவள் இடுப்புயரத்தில் கட்டிய தொட்டில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சேலை, இழை விடுகிற அளவுக்கு இழுபட்டு, கனத்து, மெதுவாக ஆடியது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்தக் கம்ப்யூட்டர் அந்த வாரம் முழுவதும் மார்த்தாண்டத்தில் ரிப்பேர் கடையில் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான்.