பெயிண்ட் டப்பாக் கொடி

நேற்று வரை ஜன்னல் கம்பிக்கு வெளியே தொங்கிய பழம் இன்று உள்ளே தொங்கியது. செல்வமேரி அரிசி களைவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். தாராவியில் ஒரு தோல் பட்டறைக்கு மேலே, ஏணி வைத்து ஏறும் ஒற்றை அறை. அவளைத் தவிர வீட்டில் யாருமில்லை. காற்றாக இருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்தச் சந்துக்குள் காற்று நுழைய வழி இருந்தால் அல்லவா!

அது மகள் ரெபேக்கா வைத்த கொடி. ஞாயிறு பூசை முடிந்ததும் கணவர் சூசைமாணிக்கம் மகளை மாதுங்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய், பெயர்கூடத் தெரியாத பழமாகப் பார்த்து ஒன்று வாங்கி வருவார். ரம்புட்டானைப் பார்த்து எலிக்குட்டி என்று அலறியிருக்கிறாள். டிராகன் பழத்தைத் தின்று மூன்று பேரும் சேர்ந்து ஏமாந்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு முதல் கடி கடிப்பது எப்போதும் அவள்தான். பேஷன் ஃப்ரூட் வந்த ஞாயிறு, புளிப்பில் முகத்தைச் சுளித்து, விதைகளை ஜன்னலோரப் பெயிண்ட் டப்பாவின் மண்ணில் துப்பினாள். முளை விட்டதைப் பார்த்தாள். பூவைப் பார்க்கவில்லை. மழைக்காலக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. ஏழு வயது. முன்பல் ஒன்று விழுந்து, இன்னும் முளைக்கக்கூட இல்லை.

பம்பாயில் கல்லறையும் வாடகை வீடு மாதிரிதான். கொஞ்ச காலம் போனதும் தோண்டி அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் போன கல்லறைத் திருநாளன்று, மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்ட கையோடு, மகளின் தலைமாட்டு மண்ணை ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். அந்த மண் வீட்டுக்குள் வரக் கூடாது என்று தெரியாதவளா? கல்லறைக்குப் போன காலைக் கழுவாமல் படியேறினாலே புருஷனைத் திட்டுகிறவள். இருந்தும் டப்பாவில் கொட்டினாள். பெற்ற வயிறு கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கொடிக்கு வந்த வேகம்! ஊதாப் பூக்கள் கம்பி முழுக்க அடைத்துக்கொண்டு பூத்தன. அவற்றில் தேங்காயெண்ணெயும் பவுடரும் கலந்த மணம். ரெபேக்காவின் உச்சி வாசனை. செல்வமேரி பூக்களில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவாள்.

இன்று குழியைத் தோண்டுகிறார்கள். எலும்புகளை வாங்கி வரச் சூசைமாணிக்கம் மட்டும் போயிருந்தார்.

"நீ வரவேண்டாம்ளா. பாத்தா தாங்க மாட்ட," என்று சொல்லிவிட்டுத்தான் ஏணியில் இறங்கினார்.

மழை தகரத்தில் கொட்டத் தொடங்கியது. கீழே பட்டறை மெஷின் நின்றது. அந்தச் சமயத்தில் பழம் தானாக விழுந்தது. உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது.

எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.

முதல் கடி ரெபேக்காவுக்கு. அவள் படத்துக்கு முன்னால் வெட்டி வைக்கலாம் என்று கத்தியை எடுத்தாள். தோலில் இறங்கியது. அதற்கு மேல் இறங்கவில்லை. எதிலோ இடித்து நறநறத்தது.

போன் அடித்தது.

"மேரி…" சூசைமாணிக்கத்தின் குரல் உடைந்திருந்தது. "எல்லாம் கெடச்சிட்டு. தலைகூட முழுசாத்தான் இருக்கு. ஆனா பிள்ளைக்கி… ஒரு பல்லுகூட இல்லளா. மண்ணச் சலிச்சும் பாத்தாச்சு."

போன் கையிலிருந்து நழுவியது.

கத்தி படாத பக்கமும் பழம் பிளந்துகொண்டது. மஞ்சள் சதை. விதை இல்லை. மேலே ஒரு வரிசை. கீழே ஒரு வரிசை. பால்பற்கள்.

முன்னால் ஒரு ஓட்டை.

"எம் பிள்ள…"

அந்த ஓட்டையை விரலால் தடவினாள். பற்கள் மெல்ல மூடின. வலித்தது. இன்னும் இறுகின. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது. விரலை அவள் இழுக்கவில்லை.

"தின்னு தாயி," என்றாள். "பசியோடதான போன."

ஜன்னல் கம்பியில் மற்ற பழங்கள், ஒவ்வொன்றாக, உள்ளே திரும்பின. குறுக்கே வெடித்தன.