ஏழாவது சாக்லேட்

இறந்தவனின் சட்டைப் பையில் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது.

யாரும் எடுக்கவில்லை.

பலெர்மோவில் ஓர் அருங்காட்சியகம். காலை பதினொன்றேகால். தலையில்லாத சலவைக்கல் வீரனின் காலடியில் மார்க்கோ மல்லாந்து கிடந்தான். வாயோரம் நுரை. கையில் பாதி கடித்த சாக்லேட்!

உள்ளே தின்பண்டம் கூடாது என்று வாசலிலேயே எழுதியிருக்கிறது. மார்க்கோ மீறினான். அபராதம்தான் கொஞ்சம் அதிகம்.

நான்கடி தள்ளிச் சக்கர நாற்காலியில் அவனுடைய அத்தை. எண்பத்திரண்டு வயது. எல்லோருக்கும் அவர் 'சிக்னோரா', அதாவது சீமாட்டி. லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் சொந்த வீடு. மார்க்கோவைத் தவிர வாரிசு கிடையாது.

நாற்காலியைப் பிடித்தபடி செலஸ்ரீனா. மன்னார்க்காரி. நாலு வருஷமாகச் சிக்னோராவைப் பார்த்துக்கொள்பவள். அவளுக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் இத்தாலியனில் படபடவென்று கேட்டார். அவளுக்குச் சமையலறை இத்தாலியன்தான் தெரியும். கொலை விசாரணைக்கு அது போதாது.

அதனால்தான் நகுலேஸ்வரன் வரவழைக்கப்பட்டிருந்தார். போலீசுக்கு மொழிபெயர்ப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு.

"தங்கச்சி, ஆறுதலாக் கதையுங்கோ. காலமை என்ன நடந்தது?"

"மூண்டு பேரும் வெளியிலை போவம் எண்டு மார்க்கோ வந்தார். நாலு வருஷத்திலை இண்டைக்குத்தான் முதல் தரம். முதலிலை சொக்லேற் கடை. ருசி பாக்க ஒரு தட்டிலை ஆறு வகை வைச்சவை. அவர் ஒரு பெட்டியும் வாங்கினார்."

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை அண்ணை. தவக்காலம். இனிப்பு விட்டிருக்கிறன்."

"சிக்னோரா?"

"அவவுக்குச் சீனி வருத்தம். ஆரும் இனிப்புத் தந்தால் நான் வாங்கி ஒளிச்சுப்போட்டு, என்ரை பையிலை இருக்கிற சீனியில்லாததைத் தீத்திவிடுவன். அவவுக்கு வித்தியாசம் தெரியாது."

"பெட்டியை ஆர் வைச்சிருந்தது?"

"நான்தான்."

இன்ஸ்பெக்டரின் கை இடுப்பிலிருந்த விலங்கைத் தொட்டது...

விலங்கு விழுந்தால் பெர்மெஸ்ஸோ போய்விடும். அந்த வதிவிட அனுமதி போனால், இதே ஊரில் சீசா என்ற பகுதியில் பள்ளிக்குப் போகும் அவளுடைய இரண்டு பிள்ளைகளின் கதி? நகுலேஸ்வரன் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. இஞ்சை வந்த பிறகு?"

"மார்க்கோ இன்னொரு சொக்லேற் தந்தார். சிக்னோராவுக்கு உன்ரை கையாலை தீத்திவிடு எண்டார். அது தட்டிலை வந்ததுமில்லை, பெட்டியிலை இருந்ததுமில்லை. அவரின்ரை கோட்டுப் பையிலை, ரிஷூக் கடதாசியாலை சுத்தி இருந்தது."

"பிறகு?"

"வழக்கம்போலை அவருக்குத் தெரியாமல் மாத்திப்போட்டன். அவர் தந்ததைப் பெட்டியிலை வைச்சன். சிக்னோரா விழுங்கினதைப் பாத்திட்டு, மார்க்கோ சந்தோசமாப் பெட்டியைத் திறந்து மேலை கிடந்ததை எடுத்தார்."

"ஏன் பெட்டியிலை வைச்சனீங்கள்?"

செலஸ்ரீனா கத்தரிக்காய் விலை சொல்வதுபோல் சொன்னாள்.

"அவவுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காத மனுசன் அண்ணை. எனக்கு விளங்கினது. நல்ல சொக்லேற் எண்டால் அவருக்கு ஒண்டும் நடக்காதுதானே எண்டு நினைச்சன்."

நகுலேஸ்வரன் இன்ஸ்பெக்டரிடம் திரும்பி நீளமாகப் பேசினார். அவளுக்குப் புரிந்தவை நாலே சொற்கள். நீரிழிவு... தவக்காலம்... கோட்டு... ரிஷூ.

ஒரு போலீஸ்காரன் மார்க்கோவின் கோட்டுப் பையைத் துழாவினான். கசங்கிய ரிஷூ வந்தது. கூடவே விரலளவு புட்டி ஒன்று!

இன்ஸ்பெக்டர் விலங்கிலிருந்து கையை எடுத்தார். அத்தைக்கு வைத்த விஷத்தை மருமகனே தவறுதலாகத் தின்றுவிட்டான் என்று எழுதிக்கொண்டார். செலஸ்ரீனா வீட்டுக்குப் போகலாம்.

வாசல்வரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் நின்றாள்.

"அண்ணை, நான் கடைசியாச் சொன்னதையும் சொன்னனீங்களோ?"

"அதுக்கு மட்டும் எனக்கு இத்தாலியன் வரேல்லை."

"தவக்காலத்திலை பொய் சொல்லக்கூடாது அண்ணை."

நகுலேஸ்வரன் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"அது உங்களுக்கு, தங்கச்சி. சைவக்காரருக்குத் தவக்காலம் இல்லை."