பேரை விட்ட ஒப்பாரி

கத்திரி வெயிலில் கோவில்பட்டியில் எது காயாமல் இருக்கும்? காலையில் செல்வமாரி மாடியில் விரித்த போர்வை சாயங்காலமும் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. முகர்ந்து பார்த்தாள். மீன் கவிச்சி. குழாயில் தண்ணீர் வந்தே ஒரு வாரமாகிறது. தீப்பெட்டி ஆபீஸ் மருந்து வாடையும் கரிசல் புழுதியும் தவிர வேறெதுவும் காற்றில் வராத ஊர் இது. கீழே இறங்கும்போது படிக்கட்டுச் சுவரில் கை பட்டது. சுவரும் ஈரமாக இருந்தது.

உள் அறையில் மகள் ஜெயப்பிரியா நூலக விழாவுக்காக அம்மாவின் கவிதையைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"கரைக்கு வாய்யா, கண்ணு தேடுது,
கஞ்சி ஆறுது, கரைக்கு வா..."

அம்மாவின் கவிதையாம்! நினைத்தாலே செல்வமாரிக்கு உடம்பு கூசியது. தூத்துக்குடியிலிருந்து வெகுதூரம் படகில் போனால் ஒரு சின்னத் தீவு. அங்கே கதை சேகரிக்கப் போன செல்வமாரியைச் சோறு போட்டு வீட்டில் தங்கவைத்த லூர்தம்மாள், கடல் கொண்டுபோன தன் மகனுக்குப் பாடிய ஒப்பாரி அது. செத்தவனைக் கரைவரை கூப்பிட்டு அழுவார்கள். கடைசி வரியில் அவன் பேரைச் சொல்லி, 'போயிரு ராசா' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்பாமல் ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள். அந்த வரியைத்தான் செல்வமாரி வெட்டினாள். பேர் இருந்தால் அது லூர்தம்மாளின் பாட்டாகிவிடுமே! புத்தகம் வந்தது. பாராட்டுக் கூட்டத்தில் போர்த்திய சால்வையையும் கூசாமல் வாங்கிக்கொண்டாள்.

செல்போன் அடித்தது. லூர்தம்மாள்தான்.

"யம்மா, ஒங்க புஸ்தகத்துல எம் பாட்டு வந்திருக்காம்லா? இங்கன சொன்னாவ. கடைசியில எம் மவன் பேரு இருக்குல்லா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பேரைக் கேட்டிருக்கலாம். மானம் தடுத்தது.

"இருக்கும்மா."

"நல்லதும்மா. இல்லன்னா கூப்பிட்ட வீட்டுக்கு வந்துருவான்லா." லூர்தம்மாள் போனை வைத்துவிட்டாள்.

அப்போதுதான் செல்வமாரி கவனித்தாள், உள் அறையில் பாட்டு நின்றிருந்தது. அதற்குப் பதில், கடலில் முங்கித் தண்ணீர் குடித்தவன் மூச்சு வாங்குவதுபோல ஒரு கொளகொளப்பும், கட்டில் கால் கிறீச்சிடுவதும், ஈரத் துணி தரையில் இழுபடுவதும் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டன. மறுபடி லூர்தம்மாளைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே.

அனுப்ப வேண்டும். அதற்குப் பேர் வேண்டும்.

மகன் படத்தைக் கையில் கொடுத்து, பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாளே அந்த மனுஷி. அதை வெட்டும்போது பேனா தயங்கக்கூட இல்லையே. சீ, நானும் ஒரு பொம்பளையா? அந்தோணியா? சேவியரா? வரவில்லை. எதுவும் வரவில்லை.

கதவைத் தள்ளினாள்.

ஜெயப்பிரியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையில் சீப்பு. அவள் காலடியில், முதுகைக் காட்டியபடி, ஊதிப்போன ஓர் உருவம்.

"அம்மா, இந்த அண்ணன் பேரைக் கேட்டா சொல்லவே மாட்டேங்காவ. ஒனக்குத் தெரியுமாம்."

சீப்பை இழுக்க இழுக்க அதன் முடி தோலோடு வந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஜெயப்பிரியா மறுபடியும் வாரினாள். அந்த உருவம் செல்வமாரி பக்கம் மெல்லத் திரும்பி, அவள் தன் பேரைச் சொல்வதற்காகக் காத்திருந்தது.