மூச்சு மாற்றும் இடம்

சின்னவள் மூச்சு வாங்கிய இடத்தில் பாட்டு அறுபடவில்லை.

அறுபட்டிருக்க வேண்டும். மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே கடைத் தரையில் கிடந்த அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்குச் சொந்தத் தொண்டை கிடையாது. அவள் பாடினால் அந்தக் குரலையே எடுத்து, கொஞ்சம் மேலேற்றி, இரண்டாம் குரலாகத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். அவள் வாயை மூடினால் அதுவும் மூட வேண்டும். வரியின் நடுவே, அக்கா பிடித்துக்கொள்வாள் என்ற பழைய தைரியத்தில், அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். இரண்டாம் குரல் தனியாக நின்று இழுவையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இது ஏன் நிக்கல?"

கடைக்காரர் அட்டைப்பெட்டிகளுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "எதிரொலி வச்சிருக்கும்மா, குறைச்சுக்கலாம். லூப்பர் மட்டும் வாங்கினா, ஒருதடவை பாடிப் பதிஞ்சதையே கிளிப்பிள்ளையாட்டம் சொல்லிக்கிட்டுக் கிடக்கும். இதுல ரெண்டும் இருக்கு. காலால ஒரு மிதி, குரல் சேரும். இன்னொரு மிதி, பதிஞ்சது சுத்த ஆரம்பிக்கும். கோவிச்சுக்காது, லீவு போடாது. கட்டின புருஷன்கூட இவ்வளவு அடக்கமா காலடியில கிடக்க மாட்டான்."

அவள் குனிந்து பார்த்தாள். எதிரொலிக் குமிழ் முழுவதும் அணைத்த நிலையில்தான் இருந்தது. பயம் வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. அக்காவின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ரெண்டு பக்கமும் கல்லுத்தூசிதாம்மா" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்தே அவளுக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது. கொதிக்கிற டீ நாக்கைச் சுட்டாலும் பிறகுதான் தெரியும்.

"இதையே கட்டிக் குடுங்க" என்றாள்.

அக்காளும் தங்கையும் பகலில் கல் உடைக்கும் ஆலையில் கூடை தூக்கினார்கள். மாலையில் ஓட்டல் கூடத்தில் பாடினார்கள். பாட்டில் மூச்சு மாற்றும் வித்தையைக் கூடைதான் கற்றுக்கொடுத்தது. ஒருத்தி தூக்கும்போது மற்றவள் மூச்சு வாங்குவாள், வேலை நிற்காது. பாட்டிலும் அப்படியே. இப்போது அக்கா படுத்துவிட்டாள். "ரெண்டு குரல் இருந்தா வா, இல்லேன்னா வேற ஆளு பாத்துக்கிறேன்" என்று ஓட்டல் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் பாட்டு நின்றால் அக்காவின் தலைமாட்டில் நிற்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் நின்றுவிடும்.

வீட்டில் ஒரே அறை. தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு சத்தமிட்டது. மருந்தும் ஈரத் துணியும் கலந்த வாடை. சிலிண்டரோடு மாட்டிய தண்ணீர்க் குப்பியில் குமிழிகள் ஓயாமல் கொப்பளித்தன. தலையணைகளில் சாய்ந்திருந்த அக்கா, மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு பெட்டியைப் பார்த்தாள்.

"எனக்கு வந்த... சக்களத்தி... இதானா?"

"இதான்க்கா."

"பாடச் சொல்லு. என்னைவிட நல்லாப் பாடுச்சு... காலை உடைச்சுப்புடுவேன்."

"அதுக்குக் கால் கிடையாதே."

"அப்ப உன்னோடதை."

சின்னவள் சிரித்ததுபோல உதட்டை அசைத்துவிட்டு, கம்பிகளைச் சொருகிப் பெட்டியை மிதித்தாள். பாடத் தொடங்கினாள். இரண்டாம் குரல் வந்து தோளோடு தோள் நின்றது. வரியின் நடுவே வழக்கமான இடம் வந்தது. வாயை மூடி மூச்சு வாங்கினாள்.

குரல் பிடித்துக்கொண்டது.

கட்டிலில் அக்காவின் மார்பு தாழ்ந்தது. காற்றுப் போன பையைப்போல மெல்ல, நிற்காமல் தாழ்ந்தது. உதடுகள் மூடியே இருந்தன. சின்னவள் மறுபடி பாடத் தொடங்கியதும் இரண்டாம் குரல் விலகியது. அறையில் எங்கோ ஒரு மூச்சு சர்ரென்று உள்ளே இழுபட்டது. அக்காவின் மார்பு எழுந்தது.

அவள் பாட்டை நிறுத்திப் பெட்டியை மிதித்து அணைத்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது. குரல் அணையவில்லை. சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கினாள். ஸ்பீக்கர் விளக்கும் போயிற்று. குரல் தகரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரே இழுவையாக நின்றது. அக்காவின் மார்பு மேலும் தாழ்ந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. உதட்டில் நீலம்.

பிடுங்கிய கம்பி கையிலிருக்க, சின்னவள் அந்த இழுவையை வாங்கிக்கொண்டு பாடினாள்.

மார்பு எழுந்தது.

அப்படித்தான் விளங்கியது. இவள் பிடித்தால் அவளுக்கு மூச்சு. அவள் பிடித்தால் இவளுக்கு. நடுவில் யாரும் கீழே வைக்க முடியாது. ஆலையில் கூடையைப் பாதியில் விட்டால் யார் காலில் விழும் என்று யாருக்கும் தெரியாது.

பாடினாள். மூச்சு வாங்கினாள். பாடினாள். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, சுவரில் ஏறி, போயிற்று. மேஜையில் போன் அதிர்ந்தது. மேனேஜராக இருக்கும். பதில் சொன்னால் பாட்டு அறும். அதிர்ந்து அதிர்ந்து போன் விளிம்புக்கு நகர்ந்து கீழே விழுந்தது. தொண்டையில் ரத்தத்தின் உப்பு. வலிக்கவில்லை. வேறு யாருடைய தொண்டையோ.

மறுபடி அவள் முறை. பிடித்தாள்.

அக்காவின் மார்பு எழுந்தது.

நெஞ்சு காலியாகிவிட்டது. மாற்றும் இடம் வந்தது. இரண்டாம் குரல் வாங்கிக்கொள்ளவில்லை.

"அக்கா" என்று கண்ணால் கேட்டாள்.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் காட்டுவதுபோல ஒற்றை விரலைத் தூக்கினாள். பிடி. விடாதே.

மார்பு இன்னும் எழுந்தது. சட்டைப் பொத்தான் தெறித்தது. அடுத்தது. குப்பியில் குமிழிகள் நின்றுபோயிருந்தன. காற்று வேறெங்கிருந்தோ அக்காவுக்குள் போய்க்கொண்டிருந்தது.

சின்னவளின் வாய் திறந்தே இருந்தது. சத்தம் வந்துகொண்டே இருந்தது.

விரல் இறங்கவில்லை. மார்பு இன்னும் எழுந்துகொண்டிருந்தது.