படையலுக்கு மூடிய கதவு

கதவு தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது நின்றது. ஒரு கணம் தயங்கிவிட்டு, தானாகவே மறுபடி மேலே ஏறியது. கீழே ஏதோ தடுக்கிறது என்று ரூபனின் கைப்பேசியில் எழுத்து வந்தது. கேமராவில் பார்த்தால் கதவுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. மழையில் நனைந்த சிமெண்டுத் தரையும் அதில் விழுந்து கிடந்த அந்திநேர வெளிச்சமும்தான் தெரிந்தன.

ஷர்வின் காலை நீட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். ரூபனுக்கு எது நடந்தாலும் முதல் சந்தேகம் மச்சான்மேல்தான். வேண்டாதவன் கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம். ரூபனுக்குப் பிறை ஊர்த் தொழிற்சாலையில் வேலை, வாரக் கடைசியில்தான் ஈப்போவில் இருக்கும் வீட்டுக்கு வருவான். மற்ற நாள்களில் சாப்பாட்டு நேரத்தில், கழிவறையில், தூங்கப் போகுமுன், வீட்டுக் கதவுக் கேமராவைக் கைப்பேசியில் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பான். வீட்டின் முன்னால் கார் நிறுத்தும் போர்ச்சை முழுக்க அடைத்து அவன் போட்ட அந்த ரோலர் கதவுக்குப் பின்னால்தான் மொத்த வீடும் இருந்தது. அதை இயக்கும் செயலியை மனைவி துளசியின் கைப்பேசியில்கூட அவன் போட்டுத் தரவில்லை. போன வாரம் இடி விழுந்து சுவர் சுவிட்சு செத்துப்போனது. ரிமோட் அவன் காரில் கிடந்தது. ஆக, இன்றைக்கு வீட்டுப் படையல் அவன் கட்டைவிரலில் வந்து நின்றது.

நாளைக்குத் தீபாவளி. அப்பா ஐயாவு இறந்தபின் வரும் முதல் தீபாவளி. அவர் கடைசிவரை படுத்திருந்த கட்டில் போர்ச்சில்தான் கிடந்தது என்பதால் அங்கேயே இலை போட்டிருந்தார்கள். கருவாட்டுக் குழம்பு, ஆட்டுக்கறிப் பெரட்டல், ஒரு போத்தல் ஸ்டௌட் பீர், சுருட்டு, பக்கத்தில் எல்லாருக்கும் எடுத்த புதுத்துணி. இறந்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவை மூட வேண்டும்; அவர் வந்து சாப்பிடும்வரை காத்திருந்து, தட்டிவிட்டுத் திறக்க வேண்டும். அப்பாவின் தங்கை மாரியம்மா அத்தை கூப்பிட்டு முடித்துவிட்டாள். கதவுதான் இறங்க மாட்டேன் என்கிறது.

தீபாவளிக்கு வீடு திரும்பும் நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. வைப்பர் கிறீச்சிட்டு மழையை வழித்தது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு கண்ணாடியெங்கும் கரைந்து வழிந்தது. காருக்குள் நனைந்த காலுறையின் வாடையும் துளசிக்காக வாங்கிய மல்லிகையின் வாடையும் கலந்து தலைவலியைக் கிளப்பின. ரூபன் மறுபடி பொத்தானைத் தொட்டான். கதவு இறங்கியது. அதே இடத்தில் நின்றது. ஏறியது.

துளசி அழைத்தாள். "என்னாங்க, வெளயாடுறீங்களா? மூடுங்க லா."

"ஒன் தம்பிய கால எடுக்கச் சொல்லு."

"அவன் இங்க எங்க இருக்கான்? சூடம் வாங்க கடைக்குப் போய்ட்டான். நானும் அத்தையும் பாப்பாவும்தான் நிக்கிறோம்."

பொய் சொல்கிறாளோ என்று பட்டது. தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டாள். அதற்குள் கார் மெனோரா சுரங்கப்பாதைக்குள் நுழைந்துவிட, பேச்சு அறுந்தது. கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. சுரங்கத்தின் மஞ்சள் விளக்குகளுக்குக் கீழே வண்டிகள் அப்படியே நின்றன, புகை சூழ்ந்தது, எங்கேயோ ஒருவன் சும்மா சும்மா ஹாரன் அடித்தான். அந்நேரமெல்லாம் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது என்ற நினைப்பு ரூபனைப் பிடுங்கியது.

வெளியே வந்ததும் மறுபடி அழைப்பு வந்தது; அத்தையின் குரல்தான் முதலில் கேட்டது. "கூப்புட்டுட்டு கதவ இப்டி தொறந்து போட்டு வைக்கலாமாப்பா? இது ரப்பர் தோட்டத்த அழிச்சு வீடு கட்டுன தாமான். பேர் தெரியாமச் செத்துப் போனவங்க எத்தன பேரு. பசியோட இருக்கறது எது வேணாலும் வந்து நிக்கும்."

"அத்த, சும்மா பயம் காட்டாதீங்க."

பொத்தானைத் தொட்டான். இந்தத் தடவை கதவு சத்தமே இல்லாமல் இறங்கித் தரையில் உட்கார்ந்தது. மூடியது என்று வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான். ஆனாலும் பழக்கம் விடவில்லை. கேமராவைத் திறந்தே வைத்திருந்தான்.

உள்ளே குத்துவிளக்கின் வெளிச்சம் மட்டும். சாம்பிராணிப் புகை போக வழியில்லாமல் கூரைக்கு ஏறி, கேமராவை மறைத்து, விலகி, மறுபடி மறைத்தது. கட்டில் தெரிந்தது. இலை தெரிந்தது. அதன் ஓரத்தில் வைத்திருந்த துணிக் குவியல் கலைந்திருந்தது.

கட்டிலுக்குப் பின்னால் ஒரு நிழல் எழுந்தது.

ரூபன் திரையை முகத்தருகே கொண்டுவந்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டான். புகை விலகியது. பாப்பா! ஆறு வயது மகள், நாளைக்குப் போட வேண்டிய பச்சைப் பாவாடையை இன்றைக்கே போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு வாரமாக அதைக் கேட்டு வீட்டைத் தலைகீழாக்கியவள் அவள். படையல் துணியைத் தொட்டால் அடி விழும் என்று தெரிந்தே ஒளிந்திருந்து போட்டிருக்கிறாள். அவனுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

"துளசி, பாப்பாவ உள்ள வச்சு மூடிட்டோம். நீ என்னாதான் பாத்துட்டு இருந்த?"

"என்னா ஒளறுறீங்க? பாப்பா என் கையப் புடிச்சிட்டு நிக்கிறா."

ரூபன் திரையைப் பார்த்தான். பாப்பா பாவாடையின் சரிகையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாகிட்ட போன குடு."

மழைச் சத்தம் கேட்டது. தவளை கேட்டது. பிறகு ஒரு மூச்சு, மிக நீளமாக, உள்ளே போய்க்கொண்டே இருந்தது. குழந்தையின் நெஞ்சில் அவ்வளவு காற்றுக்கு இடம் கிடையாது.

"பேச மாட்டேங்கிறா. அப்பயிருந்தே பேசவே இல்ல. கை ஜில்லுனு இருக்கு," என்றாள் துளசி.

"அவ மூஞ்சப் பாரு. பாத்துட்டுச் சொல்லு."

அத்தை ஏதோ முனகுவது கேட்டு, நின்றது.

"துளசி?"

"பாத்தேன்." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "பாப்பாதான். பசிக்குதாம். கதவ தொறங்க."

யாரோ ஏமாற்றுகிறார்கள் என்பது மட்டும் நிச்சயம். கேமராவில் தெரிவதா? கையைப் பிடித்து நிற்பதா? ரூபன் கேமராவின் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினான். "பாப்பா!"

உள்ளே இருந்தவள் திடுக்கிட்டுக் கேமராவை அண்ணாந்து பார்த்தாள். முகம் சுருங்கியது. "அப்பா, அம்மாகிட்ட சொல்லாதீங்க. சும்மா போட்டுப் பாத்தேன். கழட்டிடறேன்."

இவள்தான். தன் உயிர் இவள்தான் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்துபோனது. பெற்றவனை இதில் யாராலும் ஏமாற்ற முடியாது. அப்படியானால் துளசி பிடித்துக்கொண்டிருக்கும் கை?

"துளசி, கைய விடு. அத்தையக் கூட்டிட்டு ஓடு."

"தொறங்க."

"துளசி!"

"பசிக்குதாம்."

பாப்பா இருமினாள். வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி இருமினாள். புகை அவள் தோள்வரை இறங்கியிருந்தது. வீட்டுக்குள் போகும் கதவைப் படையலுக்காகப் பூட்டியிருந்தார்கள். சாவி எங்கே என்று அவளுக்குத் தெரியாது. இரும்புக் கதவு. அவன் போட்ட கதவு. அவன் ஒருவனால் மட்டுமே திறக்க முடிந்த கதவு.

முன்னால் லாரி நகரவில்லை.

திறந்தால் அது துளசியோடு உள்ளே வரும். திறக்காவிட்டால் குழந்தை மூச்சுமுட்டிச் சாகும். பாப்பா முட்டி போட்டுவிட்டாள். இருமல் நிற்கவில்லை. கண்ணில் நீர் வழிய அவள் கேமராவைப் பார்த்த பார்வையை அவனால் தாங்க முடியவில்லை.

"பாப்பா, கதவு தொறந்ததும் ஓடு. அம்மாகிட்ட போவாத. யாருகிட்டயும் போவாத. ரோட்டுக்கு ஓடு."

அழுத்தினான்.

மோட்டார் முனகியது. பாப்பா எழுந்தாள். ஓடவில்லை. வெறும் கட்டிலின் பக்கம் திரும்பி, யாரோ பேசுவதைக் கேட்பவள்போல் தலையைச் சாய்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள்.

"அப்பா, தொறக்காதீங்க. தாத்தா வேணாங்கிறாரு."

ரூபன் நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். வட்டம் சுழன்றது. அழுத்தினான். சுழன்றது. கதவு ஏறியது.

முதலில் மழை தெரிந்தது. துளசியின் ரப்பர் செருப்பு. அதன் பக்கத்தில் இரண்டு பாதங்கள். வெறும் பாதங்கள். சேறு அப்பியவை. பாப்பாவின் பாதங்கள் இல்லை. யாருடைய பாதமும் அவ்வளவு நீளம் இல்லை.

கதவு ஏறியது.

துளசியின் சேலை. துளசியின் இடுப்பு. பின்னால் ரோட்டில் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக் குந்தியிருந்தாள். துளசியின் கை ஒன்றைப் பிடித்திருந்தது. குழந்தையைப் பிடிக்கும் கை தாழ்ந்திருக்க வேண்டும். அவள் கை தலைக்குமேல் நீண்டிருந்தது. மேலிருந்து இறங்கி வந்த ஒன்றை அது பற்றியிருந்தது.

துளசியின் முகம். சிரிப்பு. மகளைப் பார்ப்பவளாக, அண்ணாந்து.

கதவு முழுக்க ஏறி நின்றது. துளசி முழுதாகத் தெரிந்தாள். பக்கத்தில் நின்றதற்கு முழங்கால்வரைதான் தெரிந்தது.

பாப்பா கட்டிலோடு ஒட்டிக்கொண்டாள். "அப்பா," என்றாள்.

முழங்கால்கள் மடங்கின. அது உள்ளே வரக் குனிந்துகொண்டிருந்தது.